மைனர் காருக்குப் பத்து நிமிட ஓய்வு

போன சித்திரை சீசனில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி வந்த பழைய கார்க்காரர்கள், லிந்துலையைத் தாண்டியதும் வருகிற ஒரு தேத்தண்ணிக் கடை வளைவில் இருபத்திரண்டு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினார்கள். பொனட்டுகளைத் திறந்து வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சரியாகப் பத்து நிமிடம் நின்றார்கள். பாதையை மறித்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பொலிஸ்காரர் வந்து கேட்டார். மலை ஏறும்போது பழைய வண்டிக்கு இந்த இடத்தில் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், இதற்கு விஞ்ஞானக் காரணம் இருக்கிறது, ஹட்டனில் ஒரு பெரிய மெக்கானிக் கண்டுபிடித்தது என்று அவருக்கு விளக்கம் சொன்னார்கள். பொலிஸ்காரரும் விஞ்ஞானத்துக்கு மரியாதை கொடுத்து ஒரு பிளேன் டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பெரிய மெக்கானிக் நான்தான். அப்போது வரிசையில் முதலாவதாக நின்ற காரின் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த கராஜில் இன்றைக்கு இருப்பவர்கள், அந்த ஓய்வின் விஞ்ஞானத்தை எழுதித் தாருங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைக்கிறோம் என்று ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். விஞ்ஞானம் என்னிடம் இல்லை. நடந்தது இருக்கிறது.

என் தகப்பனார் வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். என்னையும் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் கொண்டுபோய் நிறுத்த மனமில்லாமல், ஹட்டனில் மருதை பாஸ் கராஜில் விட்டார். முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் வண்டிச் சாமான் கழுவினேன். மூன்றாம் வருடம் சாமானின் பெயர் தெரிந்தது. நான்காம் வருடம் கழற்றத் தெரிந்தது. கையில் எதுவும் மிச்சம் வராமல் திரும்பப் பூட்டத் தெரிந்தது ஐந்தாம் வருடம். என் படிப்பு அவ்வளவுதான்.

மருதை பாஸ் ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு ஏசியதே கிடையாது. நாம் பிழையாகப் பூட்டிய நட்டை நம் கண் முன்னாலேயே கழற்றி, துடைத்து, நம் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஒரே கோளாறுக்கு ஒரு வண்டி மூன்றாம் தடவையும் திரும்பி வந்தால், அதைப் பார்த்தவன் எத்தனை வருட சேவைக்காரனாக இருந்தாலும் மண்ணெண்ணெய் டின்னுக்குத் திரும்ப வேண்டும். இது கராஜின் சட்டம்.

வண்டி வந்தவுடன் அவர் பொனட்டைத் தொடமாட்டார். சொந்தக்காரரையே ஏறி ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று அந்த ஆளைப் பார்ப்பார். பழைய சின்னக் காருக்குச் சாவி மட்டும் போதாது, அதன் சொந்தக்காரரின் சேட்டைகளும் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். ஒருவருக்கு இடது பக்க சிக்னலைப் போட்டால்தான் ஹோர்ன் அடிக்கும். அதைச் சரிசெய்து கொடுத்தபோது, என் வண்டியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார். இதையெல்லாம் கவனித்துவிட்டு பாஸ் ஜொப் கார்டு எழுதுவார். கார்டின் முன்பக்கம் வண்டியின் கோளாறு, பின்பக்கம் சொந்தக்காரரின் கோளாறு. 'கிளச்சில் கால் வைத்தே தூங்குகிறார்', 'பெற்றோல் இருக்கிறது என்று பொய் சொல்வார்', இப்படி. பின்பக்கத்தை வாசிக்காமல் முன்பக்கத்து வேலையைத் தொடங்க விடமாட்டார்.

இன்னொன்றும் உண்டு, கள்ளச் சுவிட்ச். வண்டியைத் திருட்டுக் கொடுக்காமல் இருக்க, பெற்றோல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் ஒரு சின்னச் சுவிட்சை எங்காவது மறைவாகப் பூட்டுவோம். அதை அணைத்தால் பம்பு வேலை செய்யாது. கள்ளன் எடுத்தாலும் கொஞ்சத் தூரத்தில் வண்டி நின்றுவிடும். அது இருக்கும் இடத்தை எந்தக் கார்டிலும் எழுதக்கூடாது, ஒரே ஒருவருக்கு மட்டும் காட்ட வேண்டும் என்பது பாஸின் உத்தரவு. ரெண்டு பேருக்குத் தெரிந்தால் அது சுவிட்ச் இல்லை, கோயில் மணி என்பார்.

இனி இந்தக் கார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வருடம் வெளிநாட்டு வாகனம் இறக்க விடாமல் அரசாங்கம் நிறுத்தி வைத்தது அல்லவா, அப்போதுதான் கொழும்பு ஆட்களுக்கு மலையகத்தின் மேல் பாசம் பிறந்தது. தோட்டம் தோட்டமாக வந்து, பழைய கிளாக்கர்மார் வீட்டுக் கொட்டிலில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்த, மைனர் என்கிற பழைய இங்கிலாந்துச் சின்னக் கார்களைக் கண்டுபிடித்து, கோழியை எழுப்பிவிட்டு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பூண்டுலோயாவில் ஒருவர் அந்தக் கோழி எச்சம்கூட அசலாகவே இருக்கட்டும், கழுவ வேண்டாம் என்றார். அந்த எச்சத்தை நான்தான் கழுவினேன்.

ஆனாலும் எனக்கும் அந்த வண்டி மேல் ஆசை உண்டு, மறைப்பானேன். மைனர் காரின் பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் தரை தெரியும். எது எங்கே இருக்கிறது, எது எதை இழுக்கிறது என்று ஒரு ஆள் தன் ஆயுளுக்குள் முழுதாகத் தெரிந்துகொள்ளக் கூடிய சாமான் அது. சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்பு 'டிக் டிக்' என்று பேசும். பேசாவிட்டால் ஒரு தட்டுத் தட்டினால் பேசும். வீட்டில் யாரிடமும் அந்த வசதி கிடையாது என்பதால்தான் ஆண்பிள்ளைகள் அதன் மேல் பைத்தியமாகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படிப் பைத்தியமானவர்களில் தலைமையானவர் தர்மலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்குப் பௌதிகம் படிப்பிக்க வந்தவர். பென்சன் எடுத்த பிறகும் ஊருக்குத் திரும்பாததற்கு அவர் சொன்ன காரணம், இங்கத்தைக் குளிர் எஞ்சினுக்கு நல்லது என்பது. பாசிப் பச்சை நிறத்தில் ஒரு மைனர் வைத்திருந்தார். வீட்டு ஹோலில் கல்யாணப் படத்துக்கு மேலே கார்ப் படம் மாட்டியிருந்தது. அவருடைய மனைவியும் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர், ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். காரில் டீச்சருக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. மேட்டில் வண்டி நின்றால், மடியில் வைத்திருக்கும் மரக்கட்டையோடு இறங்கிப் பின் சில்லுக்கு அண்டை கொடுக்க வேண்டும். மாஸ்டரின் ஜொப் கார்டில் பின்பக்கம் பாஸ் மூன்றே வார்த்தை எழுதியிருந்தார்: 'படித்தவர். மிகவும் கவனம்.'

மாஸ்டர் பென்சன் எடுத்த அடுத்த வருடம் அந்தக் கேஸ் வந்தது. டீச்சருக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாதக் கிளினிக். கால் வீக்கம், பிரஷர். ஹட்டனிலிருந்து கிளினிக்குக்குப் போகும்போது, லிந்துலையைத் தாண்டிய அந்தத் தேத்தண்ணிக் கடை வளைவில் கார் நின்றுவிடுகிறது. பம்பு டிக் என்றுகூடச் சொல்வதில்லை. மாஸ்டர் தட்டிப் பார்க்கிறார், திட்டிப் பார்க்கிறார், அசையாது. பத்து நிமிடம் போனால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. வேறு எந்த இடத்திலும் நிற்பதில்லை.

நான் பம்பின் பொயின்ட்டை மாற்றினேன். அடுத்த கிளினிக் நாளில் அதே இடத்தில் நின்றது. டாங்கியை இறக்கிக் கழுவினேன், பைப்பை ஊதினேன், கார்பரேட்டரைப் பிரித்துப் பூட்டினேன். நானே அந்த வளைவு வரை நான்கு தடவை தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஆடு மாதிரி ஏறியது. மாஸ்டரின் கையில் கொடுத்தால் அடுத்த மாதம் மறுபடியும் அதே வளைவு. வண்டி இரண்டு தடவை திரும்பி வந்தாகிவிட்டது. மூன்றாவதுக்கு மண்ணெண்ணெய் டின் எனக்காகக் காத்திருந்தது. அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். டின்னுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

பாஸ் என்னை ஏசவில்லை. கார்டைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

“நீ மூணு மாசமா வண்டிகிட்டயே கேட்டுக்கிட்டு இருக்க. அது என்னாத்த சொல்லும்? கிளினிக் நாளைக்கு நீயும் பின்னால ஏறிப் போ. எஞ்சினப் பாக்காத. உள்ள இருக்க ரெண்டு பேரையும் பாரு.”

போனேன். மாஸ்டர் ஓட்டினார், டீச்சர் முன்னால் இடது பக்கம், மடியில் கட்டை. நான் பின்னால் மாஸ்டருக்குப் பின்புறமாக. தலவாக்கலை வரை மாஸ்டர் எஞ்சினின் உள்ளே நடக்கும் தகனத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். லிந்துலை வந்ததும் டீச்சர், ஒருக்கா நிப்பாட்டுவமே என்று மெதுவாகக் கேட்டார். சும்மா கேட்டது மாதிரித்தான் இருந்தது.

“ஏத்தத்தில நிப்பாட்டினால் திருப்பி எடுக்காது. நானுஓயா வரட்டும்” என்றார் மாஸ்டர்.

நானுஓயா வந்தால், இனி என்ன, நுவரெலியாவுக்கே போய்விடலாம் என்பார் என்று எனக்கே தெரியும். டீச்சர் பாதையோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சத் தூரத்தில் பாதையோரம் ஒரு வெள்ளை மைல்கல் வந்தது. டீச்சரின் இடது கை கட்டையை விட்டு இறங்கி, முன்னால் இருக்கும் தட்டுக்கு அடியில் போய், ஒரு நொடியில் திரும்பி வந்தது. கார்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெற்றோலில் வண்டி இன்னும் கால் மைல் ஓடியது. பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு, தேத்தண்ணிக் கடை வாசலில், அளந்து வைத்தது போல நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கள்ளச் சுவிட்ச், மாஸ்டர் கேட்காமலே, கராஜ் வழக்கப்படி என் கையால் பூட்டியது. எட்டு வருடத்துக்கு முன்னால், மாஸ்டர் விடைத்தாள் திருத்தக் கண்டிக்குப் போயிருந்த சமயம், காரை வீட்டில் கொண்டுபோய் விட்டவன் நான். ஒருவருக்குத்தான் காட்ட வேண்டும் என்ற சட்டப்படி, வீட்டிலிருந்த டீச்சருக்குக் காட்டினேன். அவர் மாஸ்டரிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு மறந்தும் போனேன். கார்டில் எழுதாததால் நினைவூட்ட எதுவும் இல்லை. அவர் சொல்லவே இல்லை.

டீச்சர் இறங்கினார். முதலில் கட்டையைச் சில்லுக்கு வைத்தார், உத்தியோகம் உத்தியோகம்தானே. பிறகு நேராகக் கடையின் பின்பக்கம் நடந்தார். கடைக்கார மாரியாயி அக்கா எதுவும் கேட்காமல் கக்கூஸ் கதவைத் திறந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வைத்தாள். மாஸ்டர் பொனட்டைத் திறந்து ஸ்பேனரால் பம்பைத் தட்டத் தொடங்கினார்.

நான் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“கண்டிட்டீர் என்ன, தம்பி” என்றார். “டொக்டர் தண்ணி போற குளிசை தந்தவர். அதைப் போட்டால் ஒரு மணித்தியாலம் அடக்கேலாது. கார் ஓடுற நாளில போடாமல் விட்டனான். பிறகு அதுக்கு முதல்நாளும் விட்டனான். கால் வீங்கினது அதாலதான். இப்ப ஒழுங்காய்ப் போடுறன். நீர் அந்தச் சுவிச்சைக் கழட்டினால் திரும்பவும் விட்டிடுவன்.”

மாஸ்டரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னாராம். ஒரு தடவை நிறுத்தினாராம். அதற்குப் பிறகு அந்த மேட்டில் வண்டியைத் திருப்பி எடுக்கத் தான் பட்ட பாட்டை ஒரு வருடம் வீட்டுக்கு வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாராம், எதற்காக நிறுத்தினேன் என்பதையும் சேர்த்து. பஸ்ஸில் போவோம் என்றால், காரை வீட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸோ என்று கேட்பாராம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் அந்தக் காரின் ஒவ்வொரு ஆணியையும் கழற்றிப் பார்த்தவன், பக்கத்தில் ஏறி இறங்கிய மனுஷியின் கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. டீச்சர் போய் ஏறினார், இடது கை மறுபடியும் தட்டுக்கு அடியில் போய் வந்தது. பம்பு டிக் டிக் என்றது. மாஸ்டர் ஸ்பேனரைப் பெருமையாகப் பார்த்தார்.

கராஜுக்கு வந்து பாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்சைக் கழற்றினால் கோளாறு தீரும், டீச்சர் குளிசையை விட்டுவிடுவார். கழற்றாவிட்டால் வண்டி திரும்பி வரும், நான் டின்னுக்குப் போவேன். மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னால் டீச்சர் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பார்? பாஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஆளத் திருத்த நம்மளால ஏலாது. ஆளுக்குத் தக்கன வண்டிய வெக்கலாம்” என்றார். “அவரே அந்த எடத்துல நிப்பாட்டணும். அதுக்குக் காரணம் வேணும். ஆனா படிச்சவருக்கு நம்ம முழுக் காரணம் சொல்லக்கூடாது. பாதியச் சொல்லிட்டு வாய மூடிக்கிரு. மீதிய அவரே கண்டுபிடிச்சுக்குவாரு.”

மறுநாள் மாஸ்டர் வந்தார். வண்டியில் கோளாறு இல்லை, அந்த இடத்தில் நிற்பதற்கு முன்னால் நீங்களே நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பாஸ் சொன்னார். மாஸ்டரின் புருவம் உயர்ந்தது. ஏன் என்று என்னைப் பார்த்தார். மேலே போகப் போகக் காற்று குறையுதுங்களே மாஸ்டர் என்று இழுத்துவிட்டு, பாஸ் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன்.

மாஸ்டரின் முகத்தில் சூரியன் உதித்தது. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். பெற்றோல் பைப்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவியைப் பம்பினால் தள்ள முடியாது. ஜொப் கார்டை வாங்கி அதிலேயே ஒரு வரைபடம் கீறினார். அந்த வளைவின் உயரத்தை ஊகித்தார், ஆறும் நேரத்தைக் கணக்குப் போட்டார். ஒன்பதே முக்கால் நிமிடம் வந்தது. இது தெரியாமல் பம்பை மாற்றினீரே என்று என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாஸ் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு வண்டி திரும்பி வரவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளும் மாஸ்டர் அந்த வளைவில் தானே நிறுத்தி, பொனட்டைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டீச்சர் நிதானமாகப் போய்விட்டு வருவார். மூன்றாம் மாதம் கால் வீக்கம் வடிந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று டொக்டருக்குச் சந்தோஷம், விஞ்ஞானம் பிடித்துவிட்டது என்று மாஸ்டருக்குச் சந்தோஷம். டீச்சர் இரண்டு பேரையும் மறுக்கவில்லை.

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. கொழும்புப் பழைய கார்க்காரர்களின் சஞ்சிகைக்கு வரைபடத்தோடு ஒரு கட்டுரை எழுதி, முதலில் கண்டது ஹட்டனில் ஒரு மெக்கானிக் என்பதையும் சேர்த்து அனுப்பினார். அவர்கள் அதை வேதம் போல எடுத்துக்கொண்டார்கள். பெற்றோல் ஆவியாவது உண்மைதான், புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அது ஏன் எல்லா வண்டிக்கும் மாரியாயி அக்கா கடை வாசலிலேயே நடக்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை. பழைய கார் வைத்திருப்பவருக்குக் கஷ்டம் குறையக் கூடாது, கஷ்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுதான். மாரியாயி அக்கா கடையைக் கல் கட்டடமாக்கி, பின்னால் மூன்று கக்கூஸ் டைல் பதித்துக் கட்டிவிட்டாள்.

இதை எழுதட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். பேரை மாற்றி எழுதும், அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது நான்தானே, இந்தப் பக்கத்தைத் தாண்டி வாசிக்கிறேன் என்றார்.

இனி போன சித்திரைக் கதைக்குத் திரும்பி வருகிறேன். மாஸ்டருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, கண் சரியில்லை. ஹட்டனில் வரிசையின் முதல் வண்டியாகச் சேர்ந்த அவருடைய மைனரை மருமகன் ஓட்ட, மாஸ்டர் முன்னால் இடது பக்கம், நானும் டீச்சரும் பின்னால். மரக்கட்டை இப்போது மாஸ்டரின் மடியில். இருபத்திரண்டு வண்டிகளும் நின்று பொனட்டுகள் திறந்ததும், ஆண்கள் எல்லாம் எஞ்சினுக்குள் தலையை விட்டார்கள். பெண்கள் எல்லாம் கதவைத் திறந்து ஒரே திசையில் நடந்தார்கள். கடைக்குப் பின்னால் வரிசை பாதை வரை வந்துவிட்டது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையை எண்ணினார்.

“இவ்வளவு காருக்கும் நீர்தானோ சுவிச் போட்டுக் குடுத்தனீர்?” என்று என் காதோடு கேட்டார்.

பொலிஸ்காரர் டீ குடித்துவிட்டுப் போன பிறகு, மாஸ்டர் என்னை அருகில் கூப்பிட்டார். முகம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இப்போதெல்லாம் இந்த ஒரு ஓய்வு காணாது போலக் கிடக்கிறது, எஞ்சினுக்கு வயது போய்விட்டது, அழுத்தம் தாங்குதில்லை, நானுஓயா ஸ்டேசனடியிலும் ஒருக்கா நிறுத்தினால் நல்லது, ஆனால் மருமகன் நான் சொன்னால் கேட்கமாட்டார், மெக்கானிக் எழுதித் தந்தால் கேட்பார் என்றார். இதைச் சொல்லும்போது ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நின்றார். டொக்டர் அவருக்கு என்ன குளிசை கொடுத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்தது.

பழைய பழக்கத்தில் சட்டைப் பையில் இன்னும் ஜொப் கார்டு வைத்திருப்பேன். எடுத்து, முன்பக்கத்தில் எழுதினேன்: 'இரண்டாம் ஓய்வு, நானுஓயா ஸ்டேசன், பத்து நிமிடம். காரணம், உயரம்.' கையெழுத்தும் போட்டேன். டீச்சர் கார்டை வாங்கி வாசித்தார். இத்தனை வருடக் கணக்கை அந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் தீர்த்திருப்பேன்.

அவர் கார்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

“பதினைஞ்சு எண்டு போடும், தம்பி” என்றார். “அவருக்கு நேரமெடுக்கும்.”